"விசா வந்துருச்சுங்களா?": வெளிநாட்டு இடமாற்றத்தில் வேலை அனுமதி என்பது உண்மையில் என்ன

"ஏனுங்க, என்ற பையனுக்கு விசா வந்துருச்சுங்களா?"

போன வாரம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அம்மா போனில் இப்படிக் கேட்டார். அவர் மகன் சரவணம்பட்டிப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கம்பெனியில் ஏழு வருஷமாக இருக்கிறான். ஜெர்மனியிலுள்ள தாய் நிறுவனத்துக்கு இரண்டு வருஷம் அனுப்புவதாகப் பேச்சு. "ஒண்ணரை மாசமா சோறு சரியா உங்கறதில்லீங்க. ராத்திரியெல்லாம் போனையே பார்த்துட்டு உக்காந்திருக்கறான்" என்றார்.

"எந்த அனுமதியைக் கேக்கறீங்கம்மா?" என்று திருப்பிக் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதானுங்களே?" என்றார்.

பதினோரு வருஷமாகக் கோவையில் இந்த மாதிரிக் கோப்புகளைத் தயார் செய்வதுதான் என் வேலை. படித்தவர், படிக்காதவர், போகிறவர், அனுப்புகிறவர் என்று எல்லோருமே இதை "விசா" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்துவிடுகிறார்கள். பாதி பயம் அங்கேதான் பிறக்கிறது. ஒரு கதவு திறக்குமா திறக்காதா என்று வாசலிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது அவர்களுக்கு. உண்மையில் இருப்பது மூன்று மேசை. ஒவ்வொரு மேசையிலும் கேட்பது வேறு வேறு கேள்வி.

துணி ஜாப் வொர்க்குக்குப் போகிற மாதிரி

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நிட்டிங் முடிந்த துணி ரோல்களைப் பெங்களூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். துணி நம்முடையது. பிரிண்டிங்காரர் அதை விலைக்கு வாங்கவில்லை. வேலை முடிந்ததும் நம்மிடமே திரும்பி வந்தாக வேண்டும். அதனால்தான் விற்பனை பில் போடாமல் டெலிவரி சலான் போடுகிறோம். எல்லோரும் டிசி என்கிறோமே, அதுதான். என்ன துணி, எத்தனை கிலோ, எந்த வேலைக்காக யாரிடம் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆனால் வண்டி ரோட்டில் ஓட டிசி மட்டும் போதாது. வெளிமாநில ஜாப் வொர்க் என்றால் சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும், அதாவது சரக்கு வண்டி வழியில் காட்ட வேண்டிய மின்னணுச் சீட்டு. அதற்கு ஆயுசும் கம்மி, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. அப்புறம் பிரிண்டிங் யூனிட் வாசலில் இன்வார்டு நோட்டில் பதிந்தால்தான் துணி உள்ளே போகும்.

இன்னொன்றும் உண்டு. ஜாப் வொர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும், இயந்திரமாக இருந்தால் மூன்று வருஷம் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். கெடு தாண்டினால், அனுப்பிய அன்றைக்கே விற்றுவிட்டதாகக் கணக்காகி வரி வந்து நிற்கும். அதாவது "தற்காலிகம்" என்று சொல்லி அனுப்பியதற்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது.

மனுஷன் துணி ரோல் இல்லை. ஆனால் காகிதம் நகர்கிற விதம் அச்சாக இதேதான். இன்ன வேலைக்காகப் போகிறார் என்று சொல்லும் டிசிதான் வேலை அனுமதி. வழியில் காட்டும் இ-வே பில்தான் விசா. போய்ச் சேர்ந்த இடத்து இன்வார்டு பதிவுதான் தங்கும் அனுமதி. இ-வே பில் காலாவதி ஆகிவிட்டதே என்று, யூனிட்டுக்குள் போய்விட்ட துணிக்காக யாரும் பதறுவதில்லை. டிசி கையில் இருக்கிறதே என்று இ-வே பில் இல்லாமல் வண்டியை எடுப்பதும் இல்லை.

மூன்று மேசை

வேலை அனுமதி என்பது அந்த நாட்டுத் தொழிலாளர் சந்தையைப் பார்த்துக்கொள்ளும் துறை கொடுக்கும் சம்மதம். அந்த மேசையின் கேள்வி வேலையைப் பற்றியது. இந்தப் பணிக்கு இப்படி ஓர் ஆள் வரலாமா, அங்கே இதே வேலை செய்கிறவருக்குக் கிடைக்கும் சம்பளம் இவருக்கும் கிடைக்குமா? உங்கள் குணநலனை அங்கே யாரும் எடை போடுவதில்லை.

விசா என்பது எல்லை வரை போய் உள்ளே நுழைவதற்கான சீட்டு. அதைக் கொடுப்பது தூதரகம். அங்கே கேள்வி ஆளைப் பற்றியது. காகிதத்தில் இருப்பவர் இவர்தானா, சொன்ன காரணத்துக்குத்தான் போகிறாரா, சான்றுகள் உண்மையா?

தங்கும் அனுமதி என்பது எத்தனை நாள், எந்த நிபந்தனையோடு அங்கே இருக்கலாம் என்பது. நாட்டைப் பொறுத்து, எல்லையில் இருக்கும் அதிகாரியோ ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகமோ அதைக் கொடுக்கும்.

சில நாடுகளில் இந்த மூன்றில் இரண்டு ஒரே மேசையில் நடக்கலாம், வரிசையும் மாறலாம். ஆனால் கேள்விகள் மூன்றும் எங்கும் உண்டு. ஆகவே "விசா வந்துருச்சா" என்று கேட்பதை விட "கோப்பு இப்போ எந்த மேசையில் இருக்கு?" என்று உங்கள் கம்பெனி ஆளிடம் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்.

நிறுவனத்துக்குள் இடமாற்றம் என்றால்

ஒரே குழுமத்துக்குச் சொந்தமான இரண்டு நிறுவனங்களுக்கு இடையே, இங்குள்ள வேலை ஒப்பந்தம் அறுபடாமல், கொஞ்ச காலத்துக்கு ஆளை அனுப்புவதுதான் நிறுவனத்துக்குள் இடமாற்றம். வெளிநாட்டில் புதிதாக வேலை தேடிப் போகிறவரின் பாதை இதிலிருந்து வேறு. பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பாதையில் போய்ப் பட்ட கஷ்டத்தைக் கேட்டு இங்கே பயப்படுவதில் அர்த்தமில்லை.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் இதற்கென்றே ஒரு பொது விதி கொண்டுவந்தது. அதை ஒட்டி 2017 ஆகஸ்டிலிருந்து ஜெர்மனி "ஐசிடி கார்டு" என்ற தங்கும் அனுமதியைக் கொடுக்கிறது. (நிறுவனத்துக்குள் இடமாற்றம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஐசிடி.) மேலாளரும் நிபுணரும் அதிகபட்சம் மூன்று வருஷம் இருக்கலாம், பயிற்சிக்குப் போகிறவர் ஒரு வருஷம். (திருப்பூர்க் கணக்கோடு இந்த ஒன்றும் மூன்றும் அப்படியே ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் நினைவில் வைக்க உதவும்.) போவதற்கு முன் குறைந்தது ஆறு மாதம் தொடர்ச்சியாக அந்தக் குழுமத்தில் வேலை செய்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்துதான் போட வேண்டும்.

இங்கே முதல் மேசை, ஜெர்மனியின் மத்திய வேலைவாய்ப்பு முகமை. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லையா என்று இந்த வகைக்கு அது தேடிப் பார்ப்பதில்லை. சம்பளமும் வேலை நிபந்தனையும் அங்குள்ளவர்களுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது. தகவல் முழுசாகப் போயிருந்தால் அந்த முகமை இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சம்மதம் தந்ததாகவே கணக்கு. தகவல் முழுசாக இல்லையென்றால் இந்தச் சலுகை கிடைக்காது. "ரெண்டு வாரம்னாங்க, ரெண்டு மாசம் ஆச்சே" என்று புலம்பும் பல கோப்புகளை எடுத்துப் பார்த்தால், கம்பெனி பக்கமிருந்து ஒரு படிவம் பாக்கி இருக்கும். அந்த முகமை முடித்து, தூதரகத்தில் சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்து "விசா லேட்" என்று சொல்லிவிடுகிறவர்களும் நிறைய.

2020 மார்ச்சிலிருந்து துரித வழி ஒன்றும் இருக்கிறது. அங்குள்ள நிறுவனம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டித் தொடங்க வேண்டிய வழி அது. நம் பக்கமிருந்து நாம் தொடங்க முடியாது. காசு கொடுத்தால் "ஸ்பீடு பண்ணித் தர்றேன்" என்று வரும் ஏஜென்ட்டுகளை நம்பாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். இந்தக் கோப்பின் பெரும்பகுதி கம்பெனியுடையது. வெளியாள் ஒருவர் அதைத் தொடக்கூட முடியாது.

சுருக்கமாக இதுவரை: மூன்று மேசை, மூன்று கேள்வி. இடமாற்றம் தனிப் பாதை. கெடு ஓடத் தொடங்குவது கோப்பு முழுசான நாளிலிருந்து.

லாட்டரி உங்களுக்கு இல்லை

அமெரிக்கா என்றதும் "லாட்டரியில பேர் விழுந்துச்சா?" என்று கேட்பார்கள். லாட்டரி எச்1பி விசாவுக்கு. வருஷத்துக்கு 65,000 இடம், அங்கே முதுகலை படித்தவர்களுக்கு இன்னும் 20,000 என்று உச்சவரம்பு இருப்பதால்தான் குலுக்கல் வருகிறது. நிறுவனத்துக்குள் இடமாற்றத்துக்கான எல்1 விசாவுக்கு அப்படி ஆண்டு உச்சவரம்பு இல்லை, குலுக்கலும் இல்லை. அதற்குப் பதிலாக நிபந்தனை உண்டு. முந்தைய மூன்று வருஷத்தில் ஒரு முழு வருஷம் அதே குழுமத்தில் அமெரிக்காவுக்கு வெளியே வேலை செய்திருக்க வேண்டும். மேலாளராகப் போனால் மொத்தம் ஏழு வருஷம் வரை, தனிச்சிறப்பான அறிவு உள்ளவராகப் போனால் ஐந்து வருஷம் வரை இருக்கலாம்.

மூன்று மேசையைக் கண்ணால் பார்க்க அமெரிக்காவே நல்ல உதாரணம். கம்பெனி மனுவைக் குடியேற்றத் துறையிடம் போடுகிறது. அது ஒப்புதல் ஆன பிறகு நீங்கள் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகிறீர்கள். விமானம் இறங்கியதும் எல்லை அதிகாரி ஐ-94 என்ற பதிவில் ஒரு தேதி போடுகிறார். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதியை விட, நீங்கள் அங்கே இருக்கலாமா என்பதைச் சொல்வது அந்த ஐ-94 தேதிதான். விசாவில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே என்று நினைத்து ஐ-94-ஐத் தாண்டி இருந்துவிட்டால் அது பெரிய சிக்கல். இறங்கிய அன்றே அந்தத் தேதியைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டிய கடிதம்

எதற்குத்தான் கவலைப்படலாம் என்று கேட்டால், கம்பெனி எழுதும் பணிக் கடிதத்துக்கு என்பேன். கோப்பு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அதில்தான்.

பல கடிதங்கள் இப்படி இருக்கும்: "இவர் மிகத் திறமையான, கடின உழைப்பாளியான பொறியாளர். பல திட்டங்களை வெற்றிகரமாக முடித்தவர்." நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் முதல் மேசையின் கேள்விக்கு இதில் பதிலே இல்லை. திறமையான பொறியாளர் அங்கேயும்தான் இருப்பார், இவர் எதற்கு?

அதே ஆளைப் பற்றி இப்படி எழுதலாம்: "பம்ப் கன்ட்ரோலரைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் எங்கள் கோவை ஆலையில் உருவானது. அதன் சாஃப்ட்வேரை எழுதியவரும் நாலு வருஷமாகப் பராமரிப்பவரும் இவர். அதே பெஞ்சை ஜெர்மன் ஆலையில் நிறுவி, அங்குள்ள குழுவுக்குக் கற்றுக்கொடுக்க 18 மாதம் ஆகும். குழுமத்தில் இந்த வேலையை முழுசாகத் தெரிந்தவர்கள் கோவையில் மட்டுமே இருக்கிறார்கள்." இதைப் படிக்கும் அதிகாரிக்கு ஏன் இந்த ஆள், ஏன் இத்தனை மாதம், ஏன் திரும்பி வருவார் என்று எல்லாமே விளங்கிவிடும். சட்டத்தில் நிபுணர் என்பதற்கு இதுதான் பொருள்: அந்த நிறுவனத்துக்கே உரிய, வெளியே எளிதில் கிடைக்காத அறிவு உள்ளவர்.

கடிதத்தை உங்களிடம் காட்டாமலே அனுப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கேட்டு வாங்கிப் படியுங்கள். செய்யாத வேலை அதில் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நேர்காணலில் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் கேட்பார்கள். காகிதத்தில் ஒன்றும் வாயில் ஒன்றும் வந்தால் சந்தேகம் உங்கள் மேல் விழும்.

இனிஷியல் என்ற நம் ஊர்ச் சிக்கல்

நம் ஆட்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. பெயர்.

ஒரு பேச்சுக்கு, ஈரோட்டுக்காரர் ஒருவரின் பெயர் செந்தில்குமார், அப்பா பழனிசாமி என்று வைப்போம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "பி. செந்தில்குமார்". டிகிரியில் "செந்தில்குமார் பி". பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பழனிசாமி, சொந்தப் பெயர் கட்டத்தில் செந்தில்குமார். பான் கார்டில் பழனிச்சாமி. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் இடத்தில் கடைசி எழுத்து ஐ, இன்னோரிடத்தில் ஒய். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். இனிஷியல் என்ற பழக்கமே தெரியாத ஒரு நாட்டு அதிகாரிக்கு இது நாலு ஆள். இரண்டாவது மேசையின் கேள்வியே "இவர்தானா அவர்" என்பதால், அங்கே கோப்பு நின்றுவிடுகிறது.

குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுப் பாஸ்போர்ட் எடுத்தவர்களும் நம் பக்கம் அதிகம். அமெரிக்க விசாவில் அவர்களுக்கு இருக்கும் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்ற மூன்று எழுத்து வந்துவிடும். சொந்தப் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. அங்கே வங்கிக் கணக்கிலிருந்து டிரைவிங் லைசென்ஸ் வரை அது துரத்தும்.

ஆகவே இடமாற்றம் என்று பேச்சு எழுந்த அன்றே எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சின்ன வித்தியாசத்துக்கு, இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் எடுக்கும் அஃபிடவிட் உதவலாம். பாஸ்போர்ட்டிலேயே தவறு என்றால் மறுவெளியீட்டுக்குப் போட்டுவிடுவது நல்லது. கோப்பு ஓடத் தொடங்கிய பிறகு பாஸ்போர்ட் எண் மாறினால் மறுபடி முதலிலிருந்து வேலை.

மனைவியோ கணவரோ கூட வருவதாக இருந்தால் திருமணப் பதிவுச் சான்றும் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம்தான். ஆனால் சென்னிமலையில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, பதிவை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட ஜோடிகளை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். தூதரகத்தில் கல்யாண ஆல்பம் எடுபடாது.

பதில் வரவில்லை என்றால் மறுத்துவிட்டார்கள் என்று பொருளா?

இல்லை. இதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் தவறான எண்ணம்.

மறுப்பு என்றால் எழுத்தில் வரும், காரணத்தோடு வரும். நடுவில் வரும் கடிதங்களில் பல, கூடுதல் ஆவணம் கேட்பவை. எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் அதற்கென்றே கெடு வைத்துக் கேட்பார்கள். "கேள்வி கேட்டுட்டாங்க, அவ்வளவுதான் போச்சு" என்று ஒருவர் என் முன்னால் அழுதிருக்கிறார். அவரிடம் கேட்டது, தாய் நிறுவனத்துக்கும் கோவைக் கம்பெனிக்கும் உள்ள பங்கு உறவைக் காட்டும் ஒரே ஒரு தாள். கொடுத்த பின் ஒப்புதல் வந்தது. கேட்டதை முழுசாக, ஒரே தடவையில், கெடுவுக்குள் கொடுப்பதுதான் முக்கியம்.

கூடுதல் கட்டணம் கட்டிய விரைவுச் சேவையையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்1 மனுவுக்கு அது 15 வேலை நாள். அந்த நாட்களுக்குள் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுப்போம் என்பதுதான் உறுதி. அது ஒப்புதலாகவும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம், கூடுதல் ஆவணம் கேட்பதாகவும் இருக்கலாம்.

காத்திருக்கும் நேரத்தில் சிலர் குறுக்குவழி சொல்வார்கள்: "முதல்ல பிசினஸ் விசாவுல போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்." தயவுசெய்து வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் பிசினஸ் விசா கூட்டத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் ஆனது, எந்த 180 நாளிலும் 90 நாள்தான். ஐசிடி கார்டுக்கு ஐரோப்பாவுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று மேலே சொன்னேன். அங்கே போய் மாற்றுவது என்ற வழியே இல்லை. அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் பின்னால் போட வேண்டிய விண்ணப்பங்களும் சேர்ந்து கெடும்.

அதுவரை வீட்டில்

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வாடகை வீட்டைக் காலி செய்யாதீர்கள். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைப் பள்ளியில் வாங்காதீர்கள். திரும்பப் பெற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். ஆடி பிறக்கும் முன்னே கிளம்பட்டும் என்று பெரியவர்கள் நாள் பார்ப்பார்கள். தூதரகம் நாள் பார்த்துக் கொடுப்பதில்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் வந்த பின் நல்ல நாள் பார்த்தால் இரு பக்கமும் நிம்மதி.

பிஎஃப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, இப்போதையது 2017 மே 1 முதல் நடப்பில் உள்ளது. பிஎஃப் அலுவலகத்தில் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு போனால், ஒரே காலத்துக்கு இரண்டு நாட்டிலும் ஓய்வூதியப் பிடித்தம் செய்ய மாட்டார்கள். அமெரிக்காவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை.

அந்த அம்மாவின் மகன் கோப்பில் முதல் மேசை முடிந்து, சென்னையில் ஜெர்மன் துணைத் தூதரகத்தின் பதிலுக்காக நிற்கிறது என்று விசாரித்துச் சொன்னேன். "அப்போ பாதிக்கு மேல முடிஞ்சுதுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். மூன்றாவது மேசைக்கு இப்போதே தயாராக இருக்கட்டும் என்றும் சொன்னேன். ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு, இவர் என் வீட்டில் குடிவந்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். தங்க இடம் பேசும்போதே அந்தத் தாளைக் கொடுப்பீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வைக்கும்படி மகனிடம் சொல்லச் சொன்னேன்.